இரண்டு வருடத்தில் மூன்றாவது தெர்மோகப்பிள்: கேஸ் ஹீட்டரில் பைலட் நிற்கவே மாட்டேன் என்கிறது

#1 மொட்டைமாடி | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது தொட்டி வைத்த கேஸ் வாட்டர் ஹீட்டர், 150 லிட்டர். பொருத்திப் பதினான்கு வருடம் ஆகிறது. மின் இணைப்பு எதுவும் இல்லாத பழைய மாதிரி. அடியில் சின்னதாக ஒரு பைலட் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், தண்ணீர் ஆறினால் அதிலிருந்து பெரிய பர்னர் பற்றிக்கொள்ளும்.

அந்தப் பைலட்தான் இப்போது தொல்லை. குமிழைப் பைலட் நிலையில் அழுத்திப் பிடித்துப் பற்ற வைத்தால் நன்றாக எரிகிறது. ஒரு நிமிடம் பிடித்திருந்து கையை எடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம், சுடர் போய்விடுகிறது.

இதே கதை ஏற்கெனவே இரண்டு முறை நடந்தது. முதல் முறை வந்த மெக்கானிக் தெர்மோகப்பிள் (பைலட் சுடரில் சூடாகி, சுடர் எரியும்வரை கேஸ் வால்வைத் திறந்து வைக்க உதவும் சின்னக் குச்சி) போய்விட்டது என்று சொல்லி மாற்றினார். ஒன்பது மாதம் ஓடியது. இரண்டாவது முறை அவர் செய்ததைப் பார்த்து வைத்திருந்ததால் நானே மாற்றினேன். பத்து மாதம். இப்போது மூன்றாவதை வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இது வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருளா, இல்லை நான் எதையோ கவனிக்காமல் விடுகிறேனா?

#2 ராக்கோழி | ஞாயிறு, இரவு 10:15

எல்லா ஹீட்டருக்கும் பொருந்தும் என்று விற்கிற மலிவு ரகமாக இருக்கும். ஹீட்டர் தயாரித்த கம்பெனியின் பாகத்தையே வாங்கிப் போடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும்.

#3 நீலச்சுடர் | திங்கள், காலை 6:20

மொட்டைமாடி, அதை இன்னும் மாட்டிவிடாதீர்கள். இருபத்தாறு வருடமாக கேஸ் அடுப்பு, ஹீட்டர் பழுது பார்க்கிறேன். நல்ல தெர்மோகப்பிள் ஐந்தாறு வருடம் சாதாரணமாக வரும், பத்து வருடம் தாண்டியதையும் கழற்றியிருக்கிறேன். பொதுவாக விற்கிற ரகமும் நீளம் சரியாக இருந்து ஒழுங்காகப் பொருத்தினால் நன்றாகவே உழைக்கும். ஒன்பது மாதம், பத்து மாதம் என்று அடுத்தடுத்துப் போகிறதென்றால் அதை ஏதோ ஒன்று கொல்கிறது. அது என்னவென்று பார்க்காமல் மாற்றினால் அடுத்த வருடமும் இதே நேரத்துக்கு இங்கே வந்து நிற்பீர்கள்.

கையை எடுத்ததும் பைலட் அணைவதற்குத் தெர்மோகப்பிள் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட முடியாது. பைலட் துளையில் தூசி அடைத்துச் சுடர் சிறுத்துப்போனால் முனை போதுமான அளவு சூடாகாது. தெர்மோகப்பிளின் மறுமுனையில் உள்ள நட் தளர்ந்திருந்தாலோ, அந்த முனையில் அழுக்கு இருந்தாலோ இதேதான் நடக்கும். கேஸ் வால்வுக்குள் இருக்கும் மின்காந்தம் பழுதாகியிருக்கலாம். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துவிடுகிற பாதுகாப்பு ஃபியூஸ் ஒன்று வால்வில் உண்டு, அது போனாலும் இதே அறிகுறிதான். அடிப்பக்கம் முழுக்க மூடி, பார்க்க மட்டும் கண்ணாடி வைத்த புதிய மாதிரிகளில், பர்னர் கதவில் வெப்பத் துண்டிப்பான் ஒன்றும் தனியாக இருக்கும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். பைலட் சுடர் என்ன நிறம்? அது தெர்மோகப்பிளின் எந்த இடத்தில் படுகிறது? மல்டிமீட்டர் இருக்கிறதா?

#4 சுண்ணக்கட்டி | திங்கள், காலை 7:05

நீலச்சுடர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பள்ளியில் இயற்பியல் எடுப்பவள் நான். இந்தச் சின்னக் குச்சி எனக்கு மிகவும் பிடித்தமான பொருள்.

இரண்டு வெவ்வேறு உலோகங்களை முனையில் சேர்த்து, சேர்ந்த இடத்தைச் சூடாக்கி மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக வைத்தால் மின்னழுத்தம் உண்டாகும். 1821இல் தாமஸ் யோகான் சீபெக் கண்டது இதை. இரு உலோகங்களால் ஆன ஒரு வளையத்தில் ஒரு சந்தியைச் சூடாக்கியபோது அருகிலிருந்த திசைகாட்டியின் ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்த விளைவு என்றே நினைத்தார். உண்மையில் வளையத்தில் ஓடியது மின்சாரம். வெப்பமின்சாரம் என்ற பெயரைக் கொடுத்தவர் எர்ஸ்டெட்.

ஹீட்டரில் இருக்கும் ஒற்றைத் தெர்மோகப்பிள் தருவது வெறும் 25 முதல் 30 மில்லிவோல்ட். டார்ச்சில் போடுகிற ஒரு செல்லில் ஐம்பதில் ஒரு பங்கு! வால்வைத் திறக்க இந்த மின்சாரத்துக்குச் சக்தி போதாது. அதனால்தான் குமிழை நீங்கள் அழுத்த வேண்டியிருக்கிறது. இழுக்கிற வேலையை விரல் செய்கிறது, இழுத்ததை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிற வேலையைக் காந்தம் செய்கிறது. சுடர் அணைந்தால் மின்சாரம் குறையும், பிடி விடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். நீங்கள் கேட்ட 'டக்' அந்தப் பிடி விடுகிற சத்தம்தான்.

இவ்வளவு சொற்ப மின்சாரம் என்பதால் முனையில் ஒரு படலம் அழுக்கு இருந்தாலே போதும், காந்தத்துக்குப் போய்ச் சேராது.

#5 மொட்டைமாடி | திங்கள், இரவு 8:50

இருவருக்கும் நன்றி. கீழே இருக்கும் இரண்டு தகட்டு மூடிகளையும் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தேன். பைலட் சுடர் நீலமாக, நுனியில் மட்டும் லேசான மஞ்சளோடு எரிகிறது. தெர்மோகப்பிளின் மேல்முனையில் படுகிறது. மல்டிமீட்டர் இருக்கிறது, ஆனால் எப்படி அளப்பது என்று தெரியவில்லை.

#6 நீலச்சுடர் | திங்கள், இரவு 9:30

சுடர் சரியாகத்தான் இருக்கிறது. மேல்முனையில் ஒரு சென்டிமீட்டர், அதிகம் போனால் ஒன்றேகால், அவ்வளவுதான் நெருப்புக்குள் இருக்க வேண்டும்.

அளப்பது இப்படி. கேஸ் வால்வின் அடியில் மூன்று இணைப்புகள் தெரியும். தடியானது பெரிய பர்னருக்குப் போகும் குழாய். மெல்லியது பைலட்டுக்குப் போகும் கேஸ் குழாய். மூன்றாவது, செம்புக் கம்பி மாதிரி இருப்பது தெர்மோகப்பிள். அதன் நட்டை மட்டும் கழற்றுங்கள், அதில் கேஸ் வராது. மற்ற இரண்டிலும் கேஸ் உண்டு, தொட வேண்டாம். கழற்றிய முனையில் ஒரு பொத்தான் மாதிரி இருக்கும், அதைச் சுற்றி ஒரு காப்பு வளையம். உள்ளே ஓடும் கம்பியின் முடிவு அந்தப் பொத்தான், வெளிச் செம்பு உறை இன்னொரு முனை.

ஒருவர் குமிழை அழுத்திப் பிடித்துப் பைலட்டை எரிய விடட்டும். பிடித்திருக்கும்வரை எரியும். நீங்கள் மீட்டரை மில்லிவோல்ட் டிசியில் வைத்து ஒரு கம்பியைப் பொத்தானிலும் மற்றதைச் செம்பு உறையிலும் வையுங்கள். ஒரு நிமிடத்தில் எண் ஏறி நின்றுவிடும். 25க்கு மேல் என்றால் தெர்மோகப்பிள் நல்லது, குற்றம் வால்வு பக்கம். 15க்குக் கீழே என்றால் அது முடிந்துவிட்டது. நடுவில் நின்றால் முனையை நைஸ் எமரித் தாளால் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மீட்டரில் கழித்தல் குறி வந்தால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

கேஸ் வாசனை கொஞ்சம் வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

#7 மொட்டைமாடி | செவ்வாய், காலை 7:10

மனைவி குமிழைப் பிடித்துக்கொண்டாள், நான் அளந்தேன். 4, 6, 8 என்று ஏறி 9இல் நின்றுவிட்டது. துடைத்தும் பார்த்தேன், 9.4. இதற்கு மேல் ஏறவில்லை.

#8 நீலச்சுடர் | செவ்வாய், காலை 7:45

அப்படியென்றால் இது செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஏன் செத்தது என்பதை மாட்டும்போதே தேடுவோம். விரிவாக எழுதுகிறேன், இதே வேலை செய்ய வருகிற மற்றவர்களுக்கும் உதவும்.

குமிழை ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்து, ஹீட்டருக்கு வரும் கேஸ் குழாயில் உள்ள வால்வையும் மூடிவிடுங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். பர்னர் ஆறும்வரை காத்திருங்கள், ஒரு மணி நேரம் விட்டாலும் தப்பில்லை. தொட்டித் தண்ணீரை வடிக்கத் தேவையில்லை, நிறையப் பேர் வீணாக வடிக்கிறார்கள். பக்கத்தில் வேறு சுடரோ, தானாகப் பற்றுகிற கருவியோ இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது வால்வின் அடியில் உள்ள மூன்று நட்டுகளையும் கழற்றுங்கள். வால்வின் உடம்பை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், அது தொட்டிக்குள் திருகியிருக்கிறது, முறுக்கக் கூடாது. நட் கழன்றதும் குழாய்களை லேசாகக் கீழே இழுத்து விடுவித்து, பர்னரை மொத்தமாக முன்பக்கம் உருவி எடுங்கள். பைலட், தெர்மோகப்பிள் எல்லாம் சேர்ந்தே வரும். கொஞ்சம் சாய்த்துத் திருப்பினால்தான் வாசலுக்குள் அடங்கி வெளியே வரும், வலுக்கட்டாயமாக இழுத்தால் பைலட் குழாய் மடிந்துவிடும்.

பழைய தெர்மோகப்பிள் ஒரு தகட்டுப் பிடிக்குள் செருகியிருக்கும். சிலவற்றில் கீழே இழுத்தால் வந்துவிடும், சிலவற்றில் சின்ன நட் போட்டிருக்கும். இழுப்பதற்கு முன்னால் முனை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைச் செருகும்போது 'க்ளிக்' என்று உட்காரும்வரை தள்ள வேண்டும். அரைகுறையாக நின்றால் முனை நெருப்புக்கு எட்டாது.

கம்பி நீளமாக இருந்தால் வெட்டக் கூடாது. ஒரு டம்ளரைச் சுற்றி வளைக்கிற அளவு பெரிய வளையமாகச் சுற்றி, பர்னரின் சூட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். கூர்மையாக மடித்தால் உள்ளே காப்பு உடைந்து உறையும் கம்பியும் தொட்டுக்கொள்ளும், புதிய பாகம் அங்கேயே போய்விடும்.

கடைசியாக வால்வு பக்க நட். இதில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். விரலால் இறுகும்வரை திருகி, அதன்பின் ஸ்பேனரால் கால் சுற்று. போதும். டெஃப்லான் டேப், பசை எதுவும் இதில் சுற்றக் கூடாது. இது மின் இணைப்பு, உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். பலம் கொண்டமட்டும் இறுக்கினால் அந்தக் காப்பு வளையம் நசுங்கிவிடும். மற்ற இரண்டு கேஸ் இணைப்புகளையும் நன்றாக இறுக்கி, கேஸைத் திறந்து பைலட்டைப் பற்றவைத்த பிறகு சோப்பு நுரை தடவிப் பாருங்கள். பெரிய பர்னர் எரியும்போது தடிக்குழாய் நட்டில் இன்னொரு முறை. குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

#9 ஆறாம்விரல் | செவ்வாய், மதியம் 1:20

நட் கழலவே இல்லையென்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் திசையைச் சரிபாருங்கள். சில ஹீட்டர்களில் பர்னர் கதவுத் தகட்டில் உள்ள தெர்மோகப்பிள் நட் இடமறையாக இருக்கும், எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். நான் அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தேன், கடைசியில் மறை போய்விட்டது.

#10 தேன்சிட்டு | செவ்வாய், மாலை 6:00

எனக்கும் இதே பிரச்சினை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், பாகம் வர அடுத்த வாரம் ஆகும். அதுவரை தெர்மோகப்பிள் இல்லாமல் ஓட்ட வழி இருக்கிறதா? குமிழை அழுத்தியபடியே கட்டி வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

#11 நீலச்சுடர் | செவ்வாய், மாலை 6:12

வேண்டாம் தங்கச்சி. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம்.

அந்தக் குச்சி இருப்பது ஒரே ஒரு வேலைக்காக. நெருப்பு இல்லாதபோது கேஸ் வரக் கூடாது. குமிழைக் கட்டி வைத்தால் ராத்திரி ஒரு காற்று வீச்சில் பைலட் அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் கேஸாக இருந்தால் இன்னும் மோசம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. தண்ணீர் மாதிரி தரையில் பரவிக் கட்டில் உயரத்துக்குக் கீழேயே தேங்கி நிற்கும். காலையில் எழுந்து ஒரு விளக்கு சுவிட்சைப் போட்டால் போதும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே ஏறிக் கூரையடியில் சேரும். அதுவும் பற்றிக்கொள்ளும்.

விருந்தாளிகளுக்கு அடுப்பில் வெந்நீர் போட்டுக் கொடுங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

#12 தேன்சிட்டு | செவ்வாய், மாலை 6:40

சரி அண்ணா, புரிந்தது. கேஸையே மூடி வைத்துவிட்டேன்.

#13 மொட்டைமாடி | புதன், இரவு 9:15

மாட்டிவிட்டேன். நீலச்சுடர் அண்ணன் எழுதிய வரிசையிலேயே செய்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. வால்வில் மாட்டுவதற்கு முன் புதியதை அளந்தேன், 28 மில்லிவோல்ட். நட்டைக் கால் சுற்றோடு நிறுத்தினேன். போன முறை நான் இதை நன்றாகவே இறுக்கியிருந்தேன் என்பது கழற்றும்போது தெரிந்தது. கையை எடுத்தேன், பைலட் நின்றது. சோப்பு நுரையில் குமிழி இல்லை.

கழற்றிய பழையதைக் கையில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. மேல்முனை சாம்பல் நிறத்தில் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, செம்புக் கம்பி தொடங்குகிற இடம் கறுத்து, தோல் உரிந்த மாதிரி செதில் செதிலாக இருக்கிறது. விரலால் தேய்த்தால் கரி ஒட்டுகிறது. நெருப்பு அங்கே படவே இல்லையே?

#14 சுண்ணக்கட்டி | புதன், இரவு 9:50

பைலட் சுடர் அங்கே படவில்லை. பெரிய பர்னர் எரியும்போது பார்த்தீர்களா?

#15 மொட்டைமாடி | சனி, காலை 8:30

மன்னிக்கவும், இரண்டு நாள் வேலை அதிகம். மறுபடியும் அணைந்துவிட்டது. நேற்று ராத்திரி நான்கு பேர் வரிசையாகக் குளித்தார்கள், நான்காவது ஆளுக்குத் தண்ணீர் ஆறிப்போய்விட்டது. பார்த்தால் பைலட் இல்லை. பற்ற வைத்தேன், நின்றது. இரவு முழுக்க, காலையிலும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. தெர்மோகப்பிள் புத்தம் புதியது, மூன்றே நாள். இப்போது வால்வைச் சந்தேகப்படுவதா?

#16 நீலச்சுடர் | சனி, காலை 9:00

இன்னும் வால்வுக்குப் போக வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பைலட் மட்டும் எரிந்தால் ராத்திரி முழுக்க நிற்கிறது. பெரிய பர்னர் நெடுநேரம் எரிந்தால் அணைகிறது.

ஒரு சோதனை சொல்கிறேன், காது மட்டும் போதும். பைலட் மட்டும் அரை மணி நேரமாக எரிந்துகொண்டிருக்கும்போது குமிழை ஆஃபில் வைத்து, காந்தம் 'டக்' என்று விடும்வரை எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். ஐந்து நிமிடம் காத்திருந்து வாசனை இல்லை என்று பார்த்து மறுபடி பற்றவையுங்கள். பிறகு வெந்நீரைத் திறந்துவிட்டுப் பர்னரைப் பதினைந்து நிமிடம் எரிய விட்டு, அதே மாதிரி எண்ணுங்கள். பர்னர் எரியும்போது மூடியைத் திறந்து தள்ளி இருந்தபடி சுடரையும் பாருங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

#17 மொட்டைமாடி | சனி, காலை 11:40

பைலட் மட்டும் எரிந்தபோது 38 விநாடி. பர்னர் பதினைந்து நிமிடம் எரிந்த பிறகு 7 விநாடி.

பர்னர் சுடர் பெரும்பாலும் மஞ்சள். உயரமாக, சோம்பலாக அசைகிறது. பைலட் இருக்கிற பக்கத்தில் சுடர் வெளிப்பக்கம் சுருண்டு கீழே இறங்கித் தெர்மோகப்பிளின் அடியை நக்கிவிட்டுப் போகிறது.

#18 நீலச்சுடர் | சனி, காலை 11:44

உடனே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். கேஸ் வால்வையும் மூடுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். செய்துவிட்டு இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

#19 மொட்டைமாடி | சனி, காலை 11:52

அணைத்துவிட்டேன். மூடிவிட்டேன். எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது.

#20 நீலச்சுடர் | சனி, மதியம் 12:20

நல்லது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பர்னர் மஞ்சளாக எரிகிறதென்றால் கேஸ் முழுதாக எரியவில்லை, காற்று போதவில்லை. அந்த நிலையில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும், சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். வீட்டில் யாருக்காவது சமீபத்தில் காரணம் தெரியாத தலைவலி இருந்ததா? இருந்தால் இன்றே மருத்துவரிடம் போய், இந்த ஹீட்டர் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மூன்று தெர்மோகப்பிள்களின் கதையும் அதே மஞ்சள் சுடரில்தான் இருக்கிறது. டீச்சரம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

#21 சுண்ணக்கட்டி | சனி, மதியம் 1:00

சொல்கிறேன் அண்ணா. தெர்மோகப்பிள் சூட்டை அளப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அது அளப்பது இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள சூட்டின் வித்தியாசத்தை. மேல்முனை 600 டிகிரியில் இருந்து, அடிப்பக்கம் 100 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 500. நல்ல மின்னழுத்தம். பர்னர் சுடர் அடியை நக்கி அதை 400 டிகிரிக்கு ஏற்றிவிட்டால் மிஞ்சுவது 200தான். மேல்முனை அப்படியே கொதித்துக்கொண்டிருக்கும், மின்சாரம் மட்டும் பாதிக்கும் கீழே போய்விடும். காந்தம் பிடியை விட்டுவிடும். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, கணக்கு இதேதான்.

38 விநாடி 7 விநாடியாகக் குறைந்ததும் இதனால்தான். பர்னர் எரிந்து முடித்தபோது மின்சாரம் ஏற்கெனவே விளிம்பில் நின்றது, சுடர் போனதும் உடனே சரிந்துவிட்டது.

அடிப்பக்கத்தில் உலோகங்களைச் சேர்த்த இடமும் காப்பும் அந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தினமும் வெந்தால் சில மாதத்தில் போய்விடும். உங்கள் கையில் இருந்த செதில் அதுதான்.

#22 ராக்கோழி | சனி, மதியம் 1:30

நான் முதலில் பாகத்தின் தரம் என்று சொன்னது தவறு. இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. அப்படியென்றால் காற்று ஏன் போதவில்லை?

#23 நீலச்சுடர் | சனி, மதியம் 2:10

பர்னருக்குக் கேஸ் வருகிற குழாய் முடிகிற இடத்தில் ஒரு வாய் இருக்கும். கேஸ் பாய்கிற வேகத்தில் அங்கே காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வாயில் தூசி, பஞ்சு, முடி, சிலந்திக்கூடு எது அடைத்தாலும் காற்று குறைந்து சுடர் மஞ்சளாகும். ஹீட்டர் வைத்திருக்கிற அறையே காற்றுப்போக்கு இல்லாமல் மூடிக்கிடந்தாலும் இதுதான். மேலே புகைக்குழாய் அடைத்திருந்தால் எரிந்த காற்று போக இடமில்லாமல் திரும்பிக் கீழே வரும், அப்போதும் சுடர் சுருண்டு வெளியே வரும்.

மொட்டைமாடி, ஹீட்டருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

#24 மொட்டைமாடி | சனி, மாலை 5:45

துணி உலர்த்தும் இயந்திரம். இரண்டு வருடம் முன்புதான் அங்கே மாற்றி வைத்தோம். அந்த இரண்டு வருடம்!

பர்னரை மறுபடி வெளியே எடுத்தேன். அந்த வாயில் சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி பஞ்சு, கட்டைவிரல் கனம் இருக்கும். விரலால் இழுத்தால் துண்டாக வந்தது. போன தடவைகளிலும் இதே பர்னரைக் கையில் வைத்திருந்தேன், தெர்மோகப்பிளை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே தள்ளியிருக்கிறேன். பர்னர் தட்டின் மேலும் கரி படிந்திருக்கிறது.

தலைவலி பற்றிக் கேட்டீர்கள். என் அம்மாவுக்கு ஒரு மாதமாகக் காலையில் தலைவலி இருந்தது. அவர் படுப்பது பக்கத்து அறை. இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம்.

#25 நீலச்சுடர் | சனி, மாலை 5:50

முதலில் அம்மாவைப் பாருங்கள். ஹீட்டர் அப்படியே கிடக்கட்டும்.

#26 கூழாங்கல் | ஞாயிறு, காலை 10:00

இடையில் ஒரு கேள்வி. எங்களுடையது தொட்டி இல்லாத, குழாயைத் திறந்ததும் பற்றிக்கொள்கிற வகை. பேட்டரி போட்டது. அதிலும் தெர்மோகப்பிள் உண்டா?

#27 ஆறாம்விரல் | ஞாயிறு, காலை 10:30

பேட்டரியில் பொறி தட்டிப் பற்றுகிறதென்றால் பெரும்பாலும் நிலையான பைலட் இருக்காது. சுடரை உணர ஒரு உலோகக் குச்சி இருக்கும், நெருப்பு வழியாகச் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்து அது வேலை செய்கிறது. பற்றியதும் அணைந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், பிறகு அந்தக் குச்சியை மெல்லத் துடையுங்கள். சில மாதிரிகளில் தெர்மோகப்பிளும் சேர்ந்து இருக்கும். எந்த வகையாக இருந்தாலும் புகைக்குழாய் வெளியே போகாமல் குளியலறைக்குள் வைத்திருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

#28 மொட்டைமாடி | திங்கள், இரவு 8:00

அம்மா நன்றாக இருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது, ஆக்சிஜன் கொடுத்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள். ஹீட்டர் நின்றதிலிருந்து தலைவலி இல்லை என்கிறார். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. தெர்மோகப்பிள் ஒவ்வொரு தடவையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் அதை மாற்றி மாற்றி வாயை மூடியிருக்கிறோம்.

இனி என்ன செய்வது அண்ணா? பஞ்சை எடுத்துவிட்டால் போதுமா?

#29 நீலச்சுடர் | திங்கள், இரவு 8:40

அம்மா நலம் என்று படித்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

பஞ்சை எடுப்பது வரைக்கும் உங்கள் வேலை. மென்மையான பிரஷ், வேக்குவம் கிளீனர், தட்டின் துளைகளுக்குக் காற்று. பைலட் துளையில் கம்பி, ஊசி விடாதீர்கள், துளை பெரிதானால் சுடரின் அளவே மாறிவிடும்.

இதற்கு மேல் உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு வருடம் மஞ்சளாக எரிந்த ஹீட்டரில் தொட்டியின் நடுவே போகிற புகைப்பாதையிலும் கரி ஏறியிருக்கும், அதைத் துடைத்து எடுக்க வேண்டும். கேஸ் அழுத்தம், புகை இழுவை, வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடு அளவு, மூன்றையும் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உலர்த்தும் இயந்திரத்தை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். படுக்கையறைப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டுங்கள்.

இப்போது இருக்கிற தெர்மோகப்பிள் மூன்று நாள்தான் வெந்திருக்கிறது. அளந்து பாருங்கள், 25க்கு மேல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

#30 மொட்டைமாடி | ஏழு வாரம் கழித்து

இந்த இழையைத் தேடி வருபவர்களுக்காக எழுதுகிறேன். வந்த டெக்னீஷியன் புகைப்பாதையிலிருந்து ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறையக் கரி எடுத்தார். புகைக்குழாய் கூரையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு இணைப்பும் விலகியிருந்தது, அதையும் மாட்டினார். கருவியில் அளந்து எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தார். உலர்த்தும் இயந்திரம் வேறு அறைக்குப் போய்விட்டது. எச்சரிக்கைக் கருவி அம்மாவின் அறைக் கதவுக்கு வெளியே மாட்டியிருக்கிறது.

தெர்மோகப்பிள் அன்று மாட்டியதுதான், 27 காட்டியது. பர்னர் சுடர் இப்போது குட்டையாக, விறைப்பாக, முழு நீலமாக நிற்கிறது. அடியை நக்குவதில்லை. நேற்று நான்கு பேர் குளித்து முடித்ததும் குமிழை ஆஃபில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். 36 விநாடி.